மருந்துக்கடைக்கு முன்னால் நூறு செடி: மக்காச்சோளப் படைப்புழுவும் கையிலிருக்கும் போனும்

போன ஐப்பசியில் ஒரு நாள் மதியம் ஒரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பெரம்பலூர் பக்கம் முதல் முறையாக மக்காச்சோளம் போட்டிருந்த சித்தப்பா மகன் அனுப்பியது. உச்சி வெயிலில் எடுத்திருந்தான். பாதி இலை வெளுத்துப்போயிருந்தது, மீதிப் பாதியை அவன் கட்டைவிரல் மறைத்திருந்தது. கீழே ஒரே வரி: "அண்ணே, என்ன மருந்து அடிக்கிறது?"

அதே படத்தை ஒரு செயலியிலும் போட்டுப் பார்த்திருக்கிறான். அது துத்தநாகச் சத்துக் குறைவு என்று சொல்லிவிட்டது. நான் சாயங்காலம் போய்ச் சேர்வதற்குள் துத்தநாக சல்பேட் பை வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. வயலில் இறங்கிக் குருத்தை விரித்துப் பார்த்தால் உள்ளே ஈர மரத்தூள் மாதிரி கழிவு. அதற்கடியில் சுருண்டு கிடந்தது படைப்புழு.

செயலியைக் குறை சொல்ல மாட்டேன். காட்டியதைத்தான் அது பார்த்தது. மருந்துக்கடைக்காரரிடம் கேட்கிற அதே கேள்வியைப் போனிடமும் கேட்டால் கிடைப்பதும் அதே மாதிரி பதில்தான். போனுக்கு வேறு வேலை கொடுக்கலாம். என்ன புழு, எத்தனை செடியில், எந்தப் பருவத்தில், நேற்றைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அது நல்ல கருவி. எதை அடிப்பது என்பது அதற்கெல்லாம் அப்புறம் வருகிற கேள்வி. பல சமயம் அந்தக் கேள்வி வராமலேயே போய்விடும்.

மக்காச்சோளத்தையும் படைப்புழுவையும் வைத்தே இதைச் சொல்கிறேன். காரணம் இருக்கிறது. இந்தப் புழு நம் தாத்தாக்களுக்குத் தெரியாது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016-இல் ஆப்பிரிக்காவில் கண்டார்கள். 2018 மே மாதம் கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் தெரிந்தது, அதே ஆண்டு தமிழ்நாட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது என்பதால் மாவட்ட எல்லையெல்லாம் அதற்கு ஒரு கணக்கே இல்லை. வந்த வருடம் யாருக்கும் கைவைத்தியம் தெரியவில்லை. கையில் கிடைத்ததை அடித்தார்கள். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு இந்த ஒரு புழுவைக் கண்காணிக்கவே ஒரு செயலியை 2018-இல் வெளியிட்டது. வயலில் பார்த்த செடிகளையும் பொறியில் விழுந்த பூச்சிகளையும் எண்ணிப் பதிவதுதான் அதில் முக்கிய வேலை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆப்பிரிக்க விவசாயிகளுக்காக 'நூரு' என்று ஒன்று செய்தார்கள். சுவாஹிலியில் வெளிச்சம் என்று பொருள். இணையம் இல்லாத வயலிலும் அது வேலை செய்யும்.

நமக்கு எது தேவை?

போனில் ஏற்ற வேண்டியவை

பத்துச் செயலி வேண்டாம். மூன்று போதும், அதோடு போனிலேயே இருக்கிற கேமராவும் குறிப்பேடும்.

ஒன்று, பிளான்டிக்ஸ். ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனத்துடையது. தமிழில் இருக்கிறது. படம் எடுத்துக் கொடுத்தால் இன்ன பூச்சி, இன்ன நோய் என்று சொல்லும். இணையம் வேண்டும். வயலில் சிக்னல் இல்லையென்றால் படத்தைச் சாதாரண கேமராவில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கேலரியிலிருந்து போடலாம்.

இரண்டாவது, மத்திய அரசு 2024 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பின் செயலி. போனின் செயலிக் கடையில் என்.பி.எஸ்.எஸ். என்று தேடினால் கிடைக்கும். இதுவும் படத்தைப் பார்த்துச் சொல்வதுதான். ஒரே படத்தை இரண்டிலும் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றையே சொன்னால் ஓரளவு நம்பலாம். ஆளுக்கொன்று சொன்னால் அதுவும் நல்ல தகவல்தான்: படம் சரியில்லை, இன்னொரு முறை வயலுக்குப் போ என்று அர்த்தம்.

மூன்றாவது, தமிழ்நாடு அரசின் உழவன் செயலி. 2018-இல் வந்தது. இதை எல்லாரும் மானியத்துக்கும் விதை இருப்புக்கும் சந்தை விலைக்கும்தான் திறக்கிறார்கள். உங்கள் ஊருக்கு உதவி வேளாண்மை அலுவலர் எப்போது வருகிறார் என்பதும் அதில் உண்டு. படைப்புழு விஷயத்தில் எனக்கு அதிகம் பயன்பட்டது அந்தப் பக்கமும் வானிலைப் பக்கமும்தான்.

ஏற்றும்போது வெளியிட்டவர் பெயரைப் பாருங்கள். இதே பெயர் மாதிரி வைத்துக்கொண்டு விளம்பரம் மட்டும் காட்டுகிறவை உண்டு. கேமராவும் இருப்பிடமும் கேட்டால் கொடுக்கலாம். தொலைபேசித் தொடர்புகளைக் கேட்டால் எதற்கு? மறுத்துவிடுங்கள்.

படம் எடுக்கிற முறை

இதில்தான் பாதிப்பேர் தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள் போங்கள், இல்லையென்றால் மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு. வெளிச்சம் மட்டும் காரணம் இல்லை. வெயில் ஏறினால் புழு குருத்துக்குள் இறங்கிவிடும்; காலையில்தான் மேலே தெரியும். கேமராக் கண்ணாடியை முதலில் வேட்டி முனையில் துடையுங்கள். வியர்வையும் மகரந்தமும் ஒட்டிய கண்ணாடியில் எடுத்த படத்துக்கு எந்தச் செயலியும் உதவாது.

ஒரு செடிக்கு மூன்று படம். முதல் படம் முழுச் செடி, மேலிருந்து குருத்தைப் பார்த்த மாதிரி. இரண்டாவது, சேதமான ஒரே ஓர் இலை, படம் முழுக்க அதுவே இருக்க வேண்டும். பின்னால் இன்னொரு கை நிழல் பிடித்துக்கொண்டால் வெளுக்காது. மூன்றாவது, புழு. இந்த மூன்றாவதற்காகக் குருத்தை உருவி உள்ளங்கையில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு செடி போனால் போகட்டும். 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு இருபத்தாறாயிரத்துக்கு மேல் செடி நிற்கிறது.

புழுவைக் கண்ணாலேயே அடையாளம் காணப் பழகிக்கொண்டால் செயலி இரண்டாம் சாட்சி ஆகிவிடும். தலையில் ஆங்கில ஒய் எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி வெளிர்க் கோடு. வால் பக்கம், கடைசிக்கு முந்தைய பகுதிகளில் ஒன்றில், நான்கு கரும்புள்ளி சதுரமாக, தாயக்கட்டையில் நாலு விழுந்த மாதிரி. இரண்டும் இருந்தால் படைப்புழுதான். தலையும் வாலும் தெளிவாக விழுகிற மாதிரி படம் எடுங்கள். நடு உடம்பை மட்டும் எடுத்தால் எல்லாப் புழுவும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ரொம்பச் சின்னப் புழுவில் இந்த அடையாளமெல்லாம் தெரியாது. அப்போது இலையைப் பாருங்கள். பச்சையைச் சுரண்டித் தின்றுவிட்டுத் தோலை மட்டும் விட்டிருக்கும், கண்ணாடித் தாள் ஒட்டிய சன்னல் மாதிரி. அதற்கும் முன்னால் முட்டைக் குவியல். நூறு, இருநூறு முட்டை ஒன்றாக, மேலே பஞ்சு தூவிய மாதிரி மூடியிருக்கும். இதைக் கண்டால் படம் எடுத்துவிட்டு அங்கேயே விரலால் நசுக்கிவிடுங்கள். இதைவிட மலிவான பூச்சி நிர்வாகம் கிடையாது.

செயலி அடிக்கடி குழம்புகிற இடம் ஒன்று உண்டு. தண்டுத் துளைப்பான் குருத்துக்குள் இருந்து துளைத்தால், இலை விரிந்த பிறகு ஊசியால் வரிசையாகக் குத்திய மாதிரி ஓட்டைகள் தெரியும். படைப்புழுவின் ஓட்டை ஒழுங்கில்லாமல் கிழிந்த மாதிரி, பெரிது பெரிதாக இருக்கும்; மரத்தூள் கழிவும் ஏராளம். ஓட்டையை மட்டும் படம் எடுத்தால் இரண்டையும் மாற்றிச் சொல்ல வாய்ப்பு உண்டு. கழிவையும் சேர்த்து எடுங்கள்.

எண்ணுவது

பெயர் தெரிந்துவிட்டது. சரி, இப்போது கடைக்குப் போகலாமா? இல்லை. செயலி பார்த்தது ஒரு செடியை. நீங்கள் மருந்து அடிக்கப்போவது இருபத்தாறாயிரம் செடிக்கு.

வயலுக்குள் ஆங்கில டபிள்யூ எழுத்து மாதிரி மடக்கி மடக்கி நடங்கள். வரப்பை ஒட்டிய சில வரிசைகளை விட்டுவிட்டு உள்ளே போய், ஐந்து இடத்தில் நில்லுங்கள். ஓர் இடத்துக்கு 20 செடி, அடுத்தடுத்து, தேர்ந்தெடுக்காமல். மொத்தம் நூறு. கணக்குப் போடவே வேண்டாம், எண்ணிக்கையே சதவீதம்.

எண்ணும்போது புதுச் சேதம் உள்ள செடியை மட்டும் எண்ணுங்கள். குருத்தில் ஈரமான கழிவு இருக்கிறதா, கடைசியாக விரிந்த இலையில் கடி இருக்கிறதா? இருந்தால் கணக்கில் சேரும். பழைய இலை கந்தலாகி, புது இலை சுத்தமாக வந்திருந்தால் புழு போய்விட்டது என்று பொருள். செயலி அந்தக் கந்தல் இலையையும் படைப்புழு என்றுதான் சொல்லும். அது பொய் இல்லை, பழைய செய்தி. பழைய செய்திக்கு மருந்து அடிப்பதில்தான் நம் பணம் அதிகம் போகிறது.

தம்பி வயலில் அன்று இரண்டு பேரும் எண்ணினோம். விதைத்து 22 நாள். ஐந்து இடத்திலும் முறையே 2, 1, 0, 5, 0. மொத்தம் எட்டு. நாலாவது இடம் மட்டும் ஏன் ஐந்து? பக்கத்து வயலில் மூன்று வாரம் முன்னாலேயே விதைத்த மக்காச்சோளம், அந்தப் பக்கத்து வரப்புதான். இதைப் படத்தை மட்டும் பார்த்து எந்தச் செயலியும் சொல்லியிருக்காது. குறிப்பேட்டில் தேதியும் ஐந்து எண்ணும் எழுதி, ஒவ்வோர் இடத்திலும் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். படத்தோடு தேதி தானாகப் பதிவாகிவிடும். அடுத்த வாரம் ஒப்பிட அது போதும்.

எத்தனை செடியைத் தாண்டினால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம் என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு இது: முளைத்த மூன்று நான்கு வாரம் வரை நூற்றுக்கு 5 செடி, அதற்குப் பிறகு குருத்துப் பருவம் முடியும்வரை நூற்றுக்கு 10. அதற்குக் கீழே என்றால் நாலைந்து நாள் கழித்து மறுபடி எண்ணினால் போதும். உங்கள் வட்டார வேளாண் அலுவலர் வேறு எண் சொன்னால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணும்போது இன்னொன்றும் பாருங்கள். பொறிவண்டு, சிலந்தி, வாலில் இடுக்கி வைத்த பூச்சி, இவையெல்லாம் நம் கட்சி. சில சமயம் மழைக்குப் பிறகு புழுவே விறைத்துப்போய், மேலே வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ பூஞ்சை பூத்து, இலையில் ஒட்டிக் கிடக்கும். அது புழுவுக்கு வந்த நோய். அப்படி நாலைந்து கண்ணில் பட்டால் மருந்தைத் தள்ளிப்போட நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

பொறி

இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து வைப்பது வழக்கம். ஆண் அந்து மட்டும்தான் விழும். ஆகவே இது பூச்சியை ஒழிக்கிற கருவி இல்லை, வருகிறது என்று முன்கூட்டிச் சொல்கிற மணி. விதைத்ததுமே வைத்துவிடுங்கள், பயிர் வளர வளரப் பொறியையும் உயர்த்துங்கள். கவர்ச்சி மாத்திரையை ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். படைப்புழுவுக்கான மாத்திரையா என்று கேட்டு வாங்குங்கள். பருத்திக்கும் கத்தரிக்கும் உள்ளது வேறு.

காலையில் பையைத் திறந்து எண்ணி, ஒரு படம். பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு, பொறியில் விழுந்த அந்துகளைப் படம் எடுத்தால் தானே எண்ணி ஆலோசனை சொல்கிற செயலி ஒன்றை வாத்வானி ஏ.ஐ. நிறுவனம் செய்திருக்கிறது. மக்காச்சோளத்துக்கு நாம் விரலால்தான் எண்ண வேண்டும், ஆனால் ஐந்து பொறிதானே, பத்து நிமிட வேலை. ஒரு பொறிக்கு ஒரு நாளைக்கு ஓர் அந்து என்ற கணக்கில் விழத் தொடங்கினால் முட்டைக் குவியலைத் தேட இறங்கிவிடுங்கள்.

அளவைத் தாண்டிவிட்டால்

செயலியில் சிகிச்சை என்ற இடத்தைத் திறந்தால் இயற்கை முறை, ரசாயன முறை என்று இரண்டு பகுதி வரும். இயற்கை முறையை முதலில் படியுங்கள். கீழே கடைக்கான இணைப்பு இருந்தால் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். இலவசமாகச் செயலி நடத்துகிறவருக்கும் எங்கிருந்தாவது வருமானம் வர வேண்டும் அல்லவா? அது குற்றம் இல்லை, தெரிந்துகொண்டு படித்தால் போதும். பதிவு பெற்ற உயிரியல் பூச்சி மருந்துகளை மட்டும் தேடிப் பார்க்க, கேபி என்ற அமைப்பு நடத்துகிற பயோபுரொடக்‌ஷன் இணைய வாசல் இருக்கிறது. நாட்டையும் பயிரையும் பூச்சியையும் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வரும்.

தம்பி வயலில் எட்டு சதவீதம், இளம் பருவம். வேப்பங்கொட்டைக் கரைசல் என்று முடிவு செய்தோம். 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் துணியில் வடித்து, 100 லிட்டராக்கிக் கொஞ்சம் காதி சோப்பு கரைத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம்தான் அடித்தோம், வெயிலில் வேம்பின் வீரியம் போய்விடும். கைத்தெளிப்பானின் முனை குருத்தைப் பார்த்து இருக்க வேண்டும். இலையெல்லாம் நனைத்துவிட்டுக் குருத்தை விட்டால் புழு உள்ளே சொகுசாக இருக்கும். நாலாவது இடத்து வரிசைகளில் மட்டும் ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் ஒரு சிட்டிகை போட்டோம். பெரிய புழு சின்னப் புழுவைத் தின்றுவிடும் என்பதால் ஒரு குருத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும். அதைக் கையால் எடுத்தாலும் ஆச்சு.

எண்ணிக்கை ஏறி ரசாயனம்தான் என்று ஆகிவிட்டால் மூன்று விஷயத்தில் போனை முழுசாக நம்பாதீர்கள்.

முதலாவது அளவு. ஹெக்டேருக்கு என்று திரையில் இருப்பதை ஏக்கருக்கு ஊற்றிவிடுகிறார்கள். ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். குளோரான்ட்ரானிலிபுரோல் என்ற பூச்சிமருந்தின் 18.5 சதவீதத் திரவம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 0.4 மில்லி, பத்து லிட்டர் டேங்குக்கு 4 மில்லி. மூடியில் குத்துமதிப்பாக ஊற்றினால் அந்தக் கணக்கு வராது. மெடிக்கல் கடையில் கிடைக்கிற ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று வாங்கி வையுங்கள்.

இரண்டாவது பெயர். டப்பாவில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். போன முறை அடித்ததும் இந்த முறை வாங்கப்போவதும் பெயர் வேறாக, மருந்து ஒன்றாக இருப்பது சகஜம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் தாக்குப்பிடிக்கிற புழுதான் மிஞ்சும். முதல் முறை குளோரான்ட்ரானிலிபுரோல் என்றால் அடுத்தது எமாமெக்டின் பென்சோயேட்டோ ஸ்பினெட்டோரமோ ஆக இருக்கட்டும்.

மூன்றாவது, டப்பாவில் ஒட்டியிருக்கிற சீட்டு. அதில் மக்காச்சோளமும் இந்தப் புழுவும் இருக்க வேண்டும். முக்கோண நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியாகப் பச்சை. அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கும். தட்டையை மாட்டுக்குப் போடுகிறவர்கள் அந்த நாளை மறக்கவே கூடாது.

பூக்கத் தொடங்கிவிட்டால் ரசாயனத்தைப் பெரும்பாலும் தவிர்க்கவே சொல்கிறார்கள். அப்போது தேனீ மகரந்தம் எடுக்க வரும். ஆள் உயரப் பயிருக்குள் தெளிப்பதும் நம் மூச்சுக்கே ஆபத்து.

அடித்த பிறகு

அடித்த மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அதே ஐந்து இடம், அதே நூறு செடி. தம்பி வயலில் ஏழாம் நாள் எட்டு மூன்றாகியிருந்தது. அதற்கப்புறம் அவன் எனக்குப் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டு எண் மட்டும் அனுப்பத் தொடங்கினான். "இன்னிக்கு 4ண்ணே" என்று வரும். பார்த்துக்கொள்வோம் என்று நானும் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவேன்.

எண் குறையவே இல்லை, செயலி இரண்டும் இரண்டு விதமாகச் சொல்கின்றன என்றால் ஆளைக் கேட்க வேண்டிய நேரம். உழவன் செயலியில் பார்த்து அலுவலர் வருகிற நாளில் வயலுக்குக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் கிசான் அழைப்பு மையம் 1800-180-1551. காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து வரை, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. கூப்பிடும்போது விதைத்து எத்தனை நாள், நூற்றுக்கு எத்தனை, கடைசியாக அடித்தது என்ன, எப்போது என்கிற குறிப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.